கிணற்றுத் தண்ணீருக்கும் ஒரு கணக்கு

(பண்ணை வானொலியில் ஒலிபரப்பான உரை)



தை மாதம் பிறந்ததும் தோட்டத்துக் கிணற்றை எட்டிப் பார்க்கிறோம். பாதிப் படி வரைக்கும் தண்ணீர் நிற்கிறது. மனசு குளிர்ந்து போகிறது. "இந்த வருஷம் பயமில்லீங்க, அஞ்சு ஏக்கரும் வாழை வெச்சிடலாம்" என்று முடிவு செய்துவிடுகிறோம். கூட்டுறவுச் சங்கத்தில் கடன் வாங்கியோ, வீட்டு நகையை அடகு வைத்தோ கன்று நடுகிறோம். சித்திரை வருகிறது. மோட்டார் போட்ட முக்கால் மணி நேரத்தில் குழாய் காற்றை இழுக்கிறது. ஐந்து ஏக்கருக்குப் பாய்ந்த தண்ணீர் இரண்டு ஏக்கருக்குத்தான் எட்டுகிறது. அப்புறம் என்ன செய்கிறோம்? நீரோட்டம் பார்க்க ஆள் கூட்டி வருகிறோம். போர் வண்டிக்காரருக்கு முன்பணம் கொடுக்கிறோம். முதல் கடனுக்கு மேலே இரண்டாவது கடன்.

இதில் மழையின் குற்றம் கொஞ்சம். நம்முடைய குற்றம் நிறைய. தை மாதத்தில் எட்டிப் பார்த்தோமே தவிர, அளந்து பார்க்கவில்லை. பருத்தியை எடை போடாமல் விற்போமா? பாலை அளக்காமல் ஊற்றுவோமா? தண்ணீரை மட்டும் கண்ணால் பார்த்தால் போதும் என்று நினைக்கிறோம். இன்றைக்கு நான் பேசப்போவது, நம் தோட்டத்துக்கு வரக்கூடிய தண்ணீர் ஆபத்தை முன்கூட்டியே அளப்பது எப்படி, அளந்ததை எப்படிப் புரிந்துகொள்வது என்பதைப் பற்றித்தான். சேலம், நாமக்கல், ஈரோடு, கோவை, தருமபுரி மாதிரி பாறைப்பாங்கான மாவட்டங்களை மனதில் வைத்தே சொல்கிறேன். தமிழ்நாட்டின் நிலப்பரப்பில் ஏறத்தாழ முக்கால் பங்கு இப்படிப்பட்ட கடினப் பாறைப் பகுதிதான்.

முதலில் ஆபத்து என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம். மழை பொய்ப்பது மட்டுமே ஆபத்து அல்ல. ஒரே ஊரில், ஒரே மழையில், பக்கத்துப் பக்கத்துத் தோட்டக்காரர்கள் இரண்டு பேர். ஒருவர் இருக்கிற ஐந்து ஏக்கரிலும் கரும்பு வைத்திருக்கிறார். இன்னொருவர் ஒன்றரை ஏக்கரில் மஞ்சள், இரண்டு ஏக்கரில் சோளத்தட்டு, மிச்சத்தை மேட்டாங்காடாக மானாவாரிக்கு விட்டிருக்கிறார். நாலு எருமை, பத்து ஆடு வேறு. மழை பாதியாகக் குறைந்தால் இருவருக்கும் குறைகிற மழை ஒன்றுதான். ஆனால் அடி ஒன்றா? ஆக, மூன்று விஷயத்தைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். தண்ணீர் குறைவதற்கு எத்தனை வாய்ப்பு இருக்கிறது, குறைந்தால் நம் சொத்தில் எவ்வளவு அதில் மாட்டிக்கொள்ளும், மாட்டிக்கொண்டால் தாங்குவதற்கு நம்மிடம் என்ன இருக்கிறது. முதலாவது வானத்தின் கையில். மற்ற இரண்டும் நம் கையில்.

வானத்தின் கையில் இருப்பதையும் ஓரளவு அளக்கலாம். "எங்க தாலுக்காவில் சராசரி மழை எழுநூறு மில்லிமீட்டர் சார், போதாதா?" என்று கேட்பார்கள். சராசரி என்பது ஒரு ஏமாற்றுப் பேர்வழி. முழங்கால் அளவு சராசரி ஆழமுள்ள ஆற்றிலும் ஆள் முழுகுகிற மடு உண்டு. 2015-ஆம் ஆண்டு வடகிழக்குப் பருவமழையில் சென்னையும் கடலூரும் வெள்ளத்தில் மிதந்தன. அதற்கு அடுத்த வருஷமே, 2016-இல், அதே பருவமழை தமிழ்நாடு முழுவதும் இயல்பை விட 62 சதவீதம் குறைந்துபோனது. 440 மில்லிமீட்டர் பெய்ய வேண்டிய இடத்தில் பெய்தது 168 மில்லிமீட்டர்தான். 1876-க்குப் பிறகு அவ்வளவு மோசமான வடகிழக்குப் பருவமழை பதிவாகவில்லை. 2017 ஜனவரியில் எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவையாக அரசு அறிவித்தது உங்களுக்கு நினைவிருக்கும். இந்த இரண்டு வருஷத்தையும் கூட்டி இரண்டால் வகுத்தால் கிடைப்பது நல்ல மழை வருஷம்! ஆனால் அந்தக் கணக்கில் எந்த மாடும் தண்ணீர் குடிக்க முடியாது.

அதனால் சராசரியை விட்டுவிட்டு நம்பிக்கையான மழை எவ்வளவு என்று கண்டுபிடிக்க வேண்டும். வழி மிகச் சுலபம். உங்களுக்குப் பக்கத்தில் உள்ள மழைமானி நிலையத்தின் கடந்த இருபது வருஷத்து அக்டோபர், நவம்பர், டிசம்பர் மழையை எழுதி வாங்குங்கள். ஒவ்வொரு வருஷத்துக்கும் மூன்று மாதக் கூட்டுத்தொகை ஒன்று. இருபது எண்களையும் பெரியது மேலே, சிறியது கீழே என்று வரிசைப்படுத்துங்கள். மேலிருந்து எண்ணிக்கொண்டே வந்து பதினாறாவது எண்ணில் விரலை வையுங்கள். அந்த அளவாவது நாலு வருஷத்துக்கு மூன்று வருஷம் பெய்யும் என்று நம்பலாம். கணக்குக்காகச் சொல்கிறேன், சராசரி 340 மில்லிமீட்டர் என்று வந்தாலும் பதினாறாவது எண் 210 ஆக இருக்கலாம். பணம் போட்டுச் செய்கிற வெள்ளாமைக்கு இந்த 210-ஐத்தான் நம்ப வேண்டும். கடன் வாங்கிச் செய்கிறவர் இன்னும் கீழே இறங்கி, பதினெட்டாவது எண்ணைப் பார்த்துக்கொள்வது நல்லது.

வானொலியில் வானிலை அறிக்கை கேட்கும்போது இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். சராசரியிலிருந்து 19 சதவீதம் வரை கூடினாலும் குறைந்தாலும் அதற்கு 'இயல்பான மழை' என்றுதான் பெயர். 20 முதல் 59 சதவீதம் வரை குறைந்தால் 'குறைவு'. 60-க்கு மேல் போனால் 'மிகக் குறைவு'. ஆக, 'இயல்பு' என்று கேட்டதும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடக் கூடாது. புயல் ஒன்று வந்து இரண்டு நாளில் 200 மில்லிமீட்டர் கொட்டிவிட்டுப் போனாலும் கணக்கில் இயல்புதான். அது ஓடையில் ஓடிப் போயிருக்கும். அதே மழை பத்து நாளாகப் பிரிந்து பெய்திருந்தால் நிலத்துக்குள் இறங்கியிருக்கும். எத்தனை நாள் பெய்தது என்பதையும் எழுதி வைக்கச் சொல்வது இதனால்தான். 2.5 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் பெய்தால்தான் அது மழை நாள்.

தோட்டத்திலேயே மழை அளக்கலாம். விலை கொடுத்து மழைமானி வாங்க முடியாதவர்கள், வாயும் அடியும் ஒரே அகலமாக, அடி தட்டையாக இருக்கிற டப்பா ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். வயிறு பெருத்த குடமோ, அடி குழிந்த பாட்டிலோ உதவாது. மரத்துக்கும் கூரைக்கும் தள்ளி, அவற்றின் உயரத்தைப் போல் இரண்டு பங்கு தூரத்திலாவது, ஆடாமல் வையுங்கள். காலை எட்டரை மணிக்கு பள்ளிப் பிள்ளையின் அடிக்கோலை விட்டு எத்தனை மில்லிமீட்டர் நிற்கிறது என்று பார்த்து எழுதிவிட்டு, தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு ஏக்கரில் ஏறத்தாழ 4,050 லிட்டர் தண்ணீர். இந்த எண்ணை மறக்காதீர்கள், பிறகு வேண்டியிருக்கும்.

இனி கிணற்றுக்கு வருவோம்.

நம் பகுதிக் கிணறு ஒரு தொட்டி மாதிரி. 30 அடிக்கு 30 அடி சதுரக் கிணறு என்றால், ஒரு அடி ஆழத் தண்ணீர் 900 கன அடி. லிட்டர் கணக்கில் சுமார் 25,500. இருபது அடி தண்ணீர் நின்றால் ஐந்து லட்சத்துப் பத்தாயிரம் லிட்டர். கேட்கப் பெரிசாக இருக்கிறது அல்லவா? ஒரு ஏக்கருக்கு ஐந்து சென்டிமீட்டர் உயரம் ஒரு தண்ணீர் கட்ட இரண்டு லட்சம் லிட்டர் வேண்டும். அப்படியானால் கிணறு நிறைய நிற்கிற தண்ணீர் இரண்டரை ஏக்கருக்கு ஒரே ஒரு தண்ணீர் கட்டத்தான் ஆகும். எட்டிப் பார்க்கும்போது கண்ணுக்குத் தெரிகிற தண்ணீர் இவ்வளவுதான். நம்மைக் காப்பாற்றுவது அதுவல்ல, பாறை இடுக்கிலும் சைடு போரிலும் சுரந்து வருகிற ஊற்று. ஆகவே ஊற்றை அளக்க வேண்டும்.

ஊற்றை அளப்பது இப்படி. ஒரு கயிற்றின் நுனியில் கல்லோ இரும்புத் துண்டோ கட்டி, அடிக்கு ஒரு முடிச்சு போட்டுக்கொள்ளுங்கள். கிணற்றின் கைப்பிடிச் சுவரில் ஓர் இடத்தில் பெயிண்டால் கோடு போடுங்கள். எப்போது அளந்தாலும் அந்தக் கோட்டிலிருந்துதான் அளக்க வேண்டும். இன்றைக்கு இந்தப் பக்கம், நாளைக்கு அந்தப் பக்கம் என்று அளந்தால் கணக்கு உதவாது. மாலை ஆறு மணிக்கு மோட்டாரை நிறுத்தியதும் மட்டத்தை அளந்து எழுதுங்கள். மறுநாள் காலை ஆறு மணிக்கு, மோட்டார் போடுவதற்கு முன், மறுபடி அளவுங்கள். எத்தனை அடி ஏறியிருக்கிறதோ அதுதான் பன்னிரண்டு மணி நேர ஊற்று. நாலு அடி ஏறியிருந்தால் ஒரு லட்சத்து இரண்டாயிரம் லிட்டர். முழு நாளைக்கு சுமார் இரண்டு லட்சம் லிட்டர். மட்டம் ஏற ஏற ஊற்று கொஞ்சம் மெதுவாகும் என்பது உண்மைதான், ஆனால் நம் வேலைக்கு இந்தக் கணக்கு போதும்.

இதைத் தை மாதம் ஒரு தடவை செய்துவிட்டு விட்டுவிடக் கூடாது. அங்கேதான் சூட்சுமம் இருக்கிறது. தையில் நாலு அடி ஏறிய அதே கிணறு சித்திரையில் இராத்திரி முழுவதும் ஒன்றரை அடிதான் ஏறும் என்று வைத்துக்கொள்வோம். அப்போது நாள் ஒன்றுக்கு ஊற்று 76,000 லிட்டர். பயிரின் பக்கம் பாருங்கள். தை மாத வெயிலில் நிலமும் இலையும் சேர்ந்து நாளைக்குத் தோராயமாக 4 மில்லிமீட்டர் தண்ணீரை விடுகின்றன. சித்திரையில் அது 6 மில்லிமீட்டர். மண் வாய்க்காலில் கொண்டுபோகிற தண்ணீரில் நூற்றுக்கு முப்பது வழியிலேயே போய்விடுகிறது என்று சேர்த்துக்கொண்டால், ஒரு ஏக்கருக்குக் கிணற்றிலிருந்து எடுக்க வேண்டியது தையில் நாளைக்கு 23,000 லிட்டர், சித்திரையில் 34,700 லிட்டர். இப்போது வகுத்துப் பாருங்கள். தை மாத ஊற்று கிட்டத்தட்ட ஒன்பது ஏக்கரைத் தாங்கும். சித்திரை மாத ஊற்று இரண்டு ஏக்கரை, மிஞ்சினால் இரண்டேகால் ஏக்கரைத்தான் தாங்கும். தண்ணீர் குறைகிற அதே மாதத்தில் பயிரின் தாகம் கூடுகிறது என்பதால் அடி இரண்டு பக்கத்திலிருந்தும் விழுகிறது. ஒன்பது ஏக்கரைத் தாங்குகிற கிணற்றில் ஐந்து ஏக்கர் வாழை வைத்தவர் பேராசைக்காரர் அல்ல. தையில் பார்த்தவரைக்கும் அவர் ஜாக்கிரதைக்காரர்தான். ஆனால் அவர் பார்த்த மாதம் தப்பு.

ஆக, வருஷப் பயிரான வாழையும் கரும்பும் வைக்கிறவர்கள் போன சித்திரையில் கிணறு எப்படி இருந்தது என்பதைப் பார்த்துத்தான் பரப்பை முடிவு செய்ய வேண்டும். மாசி கடைசிக்குள் அறுவடையாகிற பயிருக்கு மட்டும்தான் தை மாதக் கணக்கு செல்லும்.

"ஒவ்வொரு வருஷமும் எழுதி வெச்சு என்னங்க பண்றது?" என்று ஒரு பெரியவர் கேட்டார். நியாயமான கேள்வி. கிணற்று மட்டம் மாதத்துக்கு மாதம் ஏறும், இறங்கும். அதைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம், சந்தோஷப்படவும் வேண்டாம். இந்த வருஷத்து மே மாதத்தைப் போன வருஷத்து மே மாதத்தோடு, இந்த ஜனவரியைப் போன ஜனவரியோடு ஒப்பிட வேண்டும். மழைக்கு முன் மே, மழைக்குப் பின் ஜனவரி, இந்த இரண்டும் முக்கியமான மாதங்கள். ஜனவரி மட்டம் வருஷா வருஷம் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்தால், நாம் எடுத்ததை மழை திருப்பித் தந்துவிடுகிறது என்று பொருள். நல்ல மழை பெய்தும் ஜனவரி மட்டம் வருஷம் இரண்டடி, மூன்றடி கீழே நின்றால், வரவுக்கு மேல் செலவு செய்து முதலைத் தின்கிறோம் என்று பொருள். அஞ்சாறு வருஷ நோட்டு கையில் இருந்தால் இது பளிச்சென்று தெரியும். நோட்டு இல்லாவிட்டால் கிணறு வற்றிய அன்றைக்குத்தான் தெரியும்.

போர் வைத்திருப்பவர்களும் அளக்கலாம். வயர் நுனி தண்ணீரைத் தொட்டதும் சத்தம் கொடுக்கிற கருவி இருக்கிறது. நாலைந்து பேர் சேர்ந்து ஒன்று வாங்கினால் போதும். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் வயரை உள்ளே விட வேண்டும். அளந்ததும் மூடியைத் திரும்பப் போட மறக்கக் கூடாது. கைவிட்ட போரை மண்ணும் கல்லும் போட்டு மூடுங்கள், அல்லது இரும்பு மூடி போட்டுப் பற்றவையுங்கள். 2019 அக்டோபரில் மணப்பாறைக்குப் பக்கத்தில் ஒரு குழந்தைக்கு நேர்ந்தது இன்னொரு வீட்டில் நேரக்கூடாது.

மோட்டார் எடுக்கிற தண்ணீரை அளப்பதற்கு 200 லிட்டர் டிரம் ஒன்று போதும். டெலிவரிக் குழாயை டிரம்மில் திருப்பிவிட்டு, நிறைய எத்தனை வினாடி ஆகிறது என்று கைக்கடிகாரத்தில் பாருங்கள். 40 வினாடி என்றால் வினாடிக்கு 5 லிட்டர், மணிக்கு 18,000 லிட்டர். ஒரு ஏக்கருக்கு ஒரு தண்ணீர் கட்ட பதினோரு மணி நேரத்துக்கு மேல் மோட்டார் ஓட வேண்டும். எத்தனை மணி நேரம் ஓடியது என்பதை எழுதி வைத்தால் எவ்வளவு எடுத்தோம் என்பது தானாகத் தெரிந்துவிடும். நம் தாத்தா காலத்தில் கவலை ஏற்றம் இருந்தது. மாடு களைத்துப் போகும், அவிழ்த்துக் கட்டுவார்கள், அந்த நேரத்தில் கிணறு ஊறிக்கொள்ளும். மாடு செய்த அந்த வேலையை இப்போது நம் நோட்டுதான் செய்ய வேண்டும். மோட்டாருக்குக் களைப்பும் கிடையாது, நமக்குக் கரண்டு பில்லும் கிடையாது.

இதுவரை சொன்னது அவரவர் கிணற்றுக் கணக்கு. ஆனால் கிணறு நம்முடையது, அதற்கு வருகிற ஊற்று ஊருடையது. நான் ஒழுங்காக அளந்து இரண்டு ஏக்கரோடு நிறுத்திக்கொண்டால், பக்கத்துத் தோட்டக்காரர் ஆயிரம் அடி போர் போட்டு என் பங்கையும் சேர்த்து இழுத்துவிட மாட்டாரா? இழுப்பார். அதனால் ஊர்க் கணக்கும் வேண்டியிருக்கிறது.

ஆயிரம் ஏக்கர் பரப்புள்ள ஒரு சிற்றூரை எடுத்துக்கொள்வோம். வருஷ மழை 700 மில்லிமீட்டர். கடினப் பாறைப் பகுதியில் பெய்கிற மழையில் நூற்றுக்கு எட்டு முதல் பதினொன்று வரைதான் நிலத்தடிக்குப் போகிறது என்று நிலத்தடி நீர் மதிப்பீட்டுக் குழுவின் அளவுகோல் சொல்கிறது. சுலபத்துக்காகப் பத்து என்று வையுங்கள். 70 மில்லிமீட்டர். ஆயிரம் ஏக்கருக்கு 28 கோடி லிட்டர். வாழைக்கு மழை போகக் கிணற்றிலிருந்து வருஷத்துக்கு 1,500 மில்லிமீட்டர் பாய்ச்சுகிறோம் என்றால் ஏக்கருக்கு 60 லட்சம் லிட்டர். ஆக அந்த ஊரின் நிலத்தடி வரவு முழுவதும் நாற்பத்தாறு, நாற்பத்தேழு ஏக்கர் வாழைக்குச் சரியாகப் போய்விடும். ஆயிரம் ஏக்கரில் நாற்பத்தேழு! அதே தண்ணீரில் 400 மில்லிமீட்டர் பாய்ச்சிக் கடலை போட்டால் 175 ஏக்கர் வரும். பாய்ச்சியதில் கொஞ்சம் மறுபடி நிலத்துக்குள் இறங்கும். ஏரி குளம் நிறைந்தால் வரவு கூடும். மனிதருக்கும் மாட்டுக்கும் குடிநீரை முதலில் எடுத்து வைக்க வேண்டும். இதையெல்லாம் சேர்த்தாலும் கணக்கின் போக்கு மாறாது.

பாறையின் குணம் இன்னொன்று. மணலில் நிற்கிற மாதிரி அதில் தண்ணீர் நிற்காது. சிதைந்த பாறை நூறு பங்கு இருந்தால் அதிலிருந்து நம் கைக்கு வருகிற தண்ணீர் ஒன்றரை முதல் மூன்று பங்குதான். அதனால்தான் நல்ல மழைக்குக் கிணறு மளமளவென்று பத்து, பன்னிரண்டு அடி ஏறுகிறது. அதே காரணத்தால்தான் இரண்டே மாதத்தில் மளமளவென்று இறங்கியும் போகிறது. ஏறும்போது ஊரே தண்ணீரில் மிதப்பதாகத் தோன்றும். உண்மையில் வந்தது 70 மில்லிமீட்டர்.

அரசு 2020-இல் இந்தக் கணக்கைப் பிர்க்கா வாரியாகப் போட்டது. வருஷ வரவில் நூற்றுக்கு எழுபது வரை எடுத்தால் 'பாதுகாப்பான' பிர்க்கா. எழுபதுக்கு மேல் தொண்ணூறு வரை போனால் அபாயத்தை நெருங்குகிறது. தொண்ணூறு முதல் நூறு வரை 'அபாயகரமானது'. நூறைத் தாண்டினால் 'அதிநுகர்வு'. 2020-ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி தமிழ்நாட்டின் 1,166 பிர்க்காக்களில் 435 அதிநுகர்வு, 63 அபாயகரமானவை, 225 அதை நெருங்குபவை, 409 பாதுகாப்பானவை, மிச்சம் 34 உவர்நீர்ப் பகுதி. உங்கள் பிர்க்கா எதில் இருந்தது என்று விசாரித்துக்கொள்ளுங்கள். ஆனால் ஒரு எச்சரிக்கை. பிர்க்கா என்பது பல ஊர்கள் சேர்ந்தது. ஏரிக்குக் கீழே இருக்கிற ஊரும், கரட்டு மேட்டில் இருக்கிற ஊரும் ஒரே பெயரில் அடங்கிவிடும். பிர்க்கா 'பாதுகாப்பு' என்பதால் உங்கள் கிணறும் பாதுகாப்பு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அதற்குத்தான் உங்கள் கயிறும் நோட்டும்.

ஊரே சேர்ந்து கணக்குப் போட முடியுமா என்று சந்தேகம் வரும். ஆந்திரத்தில் ஏழு வறட்சி மாவட்டங்களில் 2003 முதல் சில வருஷங்கள் ஒரு திட்டம் நடந்தது. ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண் நிறுவனம் அதற்குத் துணை நின்றது. அங்கே கருவியைப் பிடித்தவர்கள் அதிகாரிகள் அல்ல, விவசாயிகளே, அதில் பெண்களும் உண்டு. மழையைத் தினமும், கிணற்று மட்டத்தைப் பதினைந்து நாளைக்கு ஒரு தடவையும் அளந்து ஊர்ச் சுவரில் எழுதினார்கள். மழைக்காலம் முடிந்ததும் ஊர் கூடி, இவ்வளவுதான் வரவு, இன்னின்ன பயிர் வைத்தால் இவ்வளவு செலவு என்று சுவரிலேயே கூட்டிக் கழித்தார்கள். இந்தப் பயிரை வைக்காதே என்று யாரும் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. பற்றாக்குறை எழுத்தில் தெரிந்ததும் நிறையப் பேர் தாங்களாகவே நெல்லைக் குறைத்துக்கொண்டார்கள். மகாராஷ்டிரத்தில் ஹிவரே பஜார் என்ற ஊர் இன்னும் கண்டிப்பானது. பாசனத்துக்குப் போர் போடக் கூடாது, கரும்பும் வாழையும் கூடாது என்று ஊரே கட்டுப்பாடு வைத்து, வருஷா வருஷம் தண்ணீர் வரவு செலவு போடுகிறது. அங்கே மழை நம்மை விடக் குறைவு. கட்டுப்பாட்டை எல்லா ஊரிலும் வைக்க முடியாது என்பது எனக்குத் தெரியும். ஆனால் சுவரில் எழுதி வைப்பதற்கு யார் அனுமதியும் வேண்டியதில்லை.

தண்ணீரின் அளவோடு குணத்தையும் பார்க்க வேண்டும். மட்டம் கீழே போகப் போகப் பல இடங்களில் உப்பு கூடுகிறது. தண்ணீர் மாதிரியை மண் பரிசோதனை நிலையத்தில் கொடுத்தால் மின் கடத்தும் திறன் என்று ஒரு எண் கொடுப்பார்கள். அது 0.75 டெசிசைமன் வரை இருந்தால் பெரும்பாலான பயிருக்குக் கவலையில்லை. 2.25-ஐத் தாண்டினால் உப்பைத் தாங்குகிற பயிரும் நல்ல வடிகாலும் இல்லாமல் பாய்ச்சக் கூடாது. இதையும் மே மாதத்தில் எடுத்துப் பாருங்கள், மழை முடிந்ததும் எடுத்தால் நல்ல எண்ணாகத்தான் வரும். கடலோரத்து நண்பர்களுக்கு ஆபத்து இன்னும் பெரிசு. கடல் மட்டத்துக்கு மேல் நிற்கிற நல்ல தண்ணீர் ஒரு அடி இறங்கினால், கீழேயிருந்து உப்புத் தண்ணீர் நாற்பது அடி ஏறிவர இடமுண்டு. சென்னைக்கு வடக்கே மீஞ்சூர்ப் பக்கம் அளவுக்கு மேல் இறைத்ததால் 1960-களின் கடைசியிலேயே கடல்நீர் உள்ளே வந்துவிட்டது. போனது திரும்ப வர ஒரு மழை போதாது.

அளந்தாகிவிட்டது. சித்திரைக் கணக்குப்படி இரண்டு ஏக்கர்தான் தாங்கும் என்று தெரிந்துவிட்டது. மிச்ச மூன்று ஏக்கரைத் தரிசாகவா போடுவது? வேண்டாம். புரட்டாசி, ஐப்பசியில் மழையோடு சோளம், கம்பு, உளுந்து, கொள்ளு என்று போட்டு எடுத்துவிடலாம். உளுந்துக்கு மொத்தமே 250 முதல் 300 மில்லிமீட்டர் போதும். நெல்லுக்கு 1,200 வேண்டும். வாழையை இரண்டு ஏக்கரோடு நிறுத்துங்கள். சொட்டுநீர் போட்டால் வாய்க்காலில் போகிற முப்பது பங்கும் மிஞ்சும். சிறு, குறு விவசாயிகளுக்கு நூறு சதவீதமும் மற்றவர்களுக்கு 75 சதவீதமும் மானியம் இருக்கிறது. ஆனால் சொட்டுநீரில் நான் அடிக்கடி பார்க்கிற ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மிச்சமான தண்ணீரைக் கிணற்றில் விடுவதில்லை. அதை வைத்து இன்னும் ஒன்றரை ஏக்கர் வாழையைச் சேர்த்துவிடுகிறார்கள். கிணற்றுக்கு ஒரு சொட்டும் மிஞ்சவில்லை. பழைய ஆபத்து போய், வறட்சி வந்தால் காயப்போகிற பரப்பு கூடியதுதான் மிச்சம். போர் ஆழப்படுத்துவதும் அப்படித்தான். ஆழப்படுத்தினால் ஊரின் 70 மில்லிமீட்டர் 71 ஆகாது. இருக்கிற பங்கை யார் முதலில் எடுப்பது என்ற போட்டிதான். அந்தப் பணத்தில் வரப்பை உயர்த்துங்கள், பண்ணைக் குட்டை வெட்டுங்கள், ஏரி வரத்து வாய்க்காலில் அடைந்து கிடக்கிற சீமைக் கருவேலை வெட்ட ஊரோடு சேர்ந்து செலவழியுங்கள். பயிர்க் காப்பீட்டைக் கடைசித் தேதிக்கு முன் கட்டிவிடுங்கள்; ஆபத்தைத் தாங்குகிற மூன்றாவது விஷயத்தில் அதுவும் ஒன்று.

இப்போது ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். முதல் பக்கத்தில் கிணற்றின் நீளம், அகலம், மொத்த ஆழம், சுவரில் போட்ட கோடு எந்தப் பக்கம் என்று எழுதுங்கள். அடுத்த பக்கங்களில் தேதி, மழை, காலை மட்டம், மாலை மட்டம், மோட்டார் ஓடிய நேரம் என்று ஐந்து கட்டம் போடுங்கள். தினமும் முடியாவிட்டால் மாதத்தில் ஒன்றாம் தேதியும் பதினைந்தாம் தேதியும் போதும். எழுதப் படிக்கத் தெரிந்த பிள்ளை வீட்டில் இருந்தால் அதனிடம் கொடுத்துவிடுங்கள், பெரியவர்களை விட ஒழுங்காகச் செய்யும். இருபது வருஷ மழைக் கணக்கை வரிசைப்படுத்துவதில் சந்தேகம் வந்தால் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்துக்கு நோட்டோடு வாருங்கள். வரும்போது மே மாதத்தில் பிடித்த ஒரு லிட்டர் கிணற்றுத் தண்ணீரையும் எடுத்துவாருங்கள். மோட்டார் ஓடிக் கால் மணி நேரம் ஆனபிறகு, அதே தண்ணீரில் இரண்டு தடவை கழுவிய சுத்தமான பாட்டிலில் பிடிக்க வேண்டும். எண்ணெய், பூச்சிமருந்து இருந்த பாட்டில் கூடாது.